டுபாயில் கம்பனி, வீட்டில் வரி

"டுபாயில் ஒரு கம்பனி திறந்தால் வரியே இல்லையாம், உண்மையோ அண்ணை?" என்று கணக்காளனான என்னிடம் பலர் கேட்கிறார்கள்.

ஜெபல் அலி சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது 1985இல். சம்பளத்துக்கு அங்கே இன்றும் வருமான வரி இல்லை. ஆனால் 2023 யூன் முதல் தொடங்கும் கணக்காண்டுகளில், 375,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட கம்பனி இலாபத்துக்கு 9 வீத வரி உண்டு. சுதந்திர வலயத்திலும் நிபந்தனைக்கு அமைந்த வருமானத்துக்கு மட்டுமே பூச்சியம்.

அதைவிட முக்கியம், நீங்கள் குடியிருக்கும் நாடு. கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியாவில் வசிப்பவர் எங்கே உழைத்தாலும் பொதுவாக வசிக்கும் நாட்டில் கணக்குக் காட்டவேண்டும். பெயர்ப்பலகை டுபாயில் தொங்க, முடிவுகளை உங்கள் குசினி மேசையில் எடுத்தால், அதுவும் உங்கள் நாட்டுக் கம்பனியாகக் கருதப்படலாம். குடும்பத்தோடு குடிபெயர்ந்து அங்கேயே தொழில் செய்பவரின் கதை வேறு.

ஒளிக்கவும் இயலாது. 2018இல் இருந்து எமிரேட்ஸ், வெளிநாட்டு வரியாளரின் வங்கிக் கணக்கு விபரங்களை அவரவர் நாடுகளுக்கு அனுப்பி வருகிறது.

வெறுங்கையோடு வந்த எங்கள் சனம் இரவு பகலாய்ச் சேர்த்த காசு இது. தரகர் நீட்டும் பத்திரத்தில் ஒப்பமிட முன், உங்கள் நாட்டு வரிச்சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.