புற்றுநோய் தொற்றுமா?



மலைநாட்டுத் தோட்டங்களிலே ஒருவருக்குப் புற்றுநோய் என்று வைத்தியர் கூறிவிட்டால், அவருடைய கோப்பையையும் தட்டையும் வேறாக எடுத்து வைக்கும் வழக்கம் சில லயங்களில் இன்னும் இருக்கின்றது. பேரப்பிள்ளைகள் அவரருகே செல்லாதவாறு தடுக்கப்படுகின்றனர். “புற்றுநோய் வைரசினால் வருகின்றதாம்” என்ற செய்தி பரவியபின், இவ்வச்சத்துக்கு விஞ்ஞானமே சான்று கூறுவது போலாகிவிட்டது. அச்செய்தியில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை இன்று ஆராய்வோம்.

சில புற்றுநோய்களுக்கு வைரசுகள் காரணமாகின்றன என்பது மெய்யே. 1911ஆம் ஆண்டிலே அமெரிக்க அறிஞர் பெய்டன் ரவுஸ், கோழியின் கட்டியிலிருந்து வடித்தெடுத்த சாற்றைச் செலுத்தி, வேறொரு கோழியிலும் அத்தகைய கட்டியை உண்டாக்கிக் காட்டினார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966இலேதான். ஈரலழற்சி பி வைரசு நெடுங்காலம் உடலில் தங்கினால் ஈரற் புற்றுநோய் உண்டாகலாம். பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு மனிதப் பாப்பிலோமா வைரசு காரணம் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் நிலைநாட்டி, 2008இல் நோபல் பரிசு பெற்றார்.

அங்ஙனமாயின், முதிய ஆண்களைப் பீடிக்கும் புரோஸ்டேட் புற்றுநோயும் வைரசினால் வருவதோ? புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்திருக்கும் ஒரு சிறு சுரப்பி. 2006ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், அச்சுரப்பியின் புற்றுத்திசுக்களில் எலியினத்தைச் சார்ந்த ஒரு புதிய வைரசைக் கண்டதாக அறிவித்தனர். உலகம் வியந்தது. ஆனால் வேறு பல ஆய்வுகூடங்கள் தேடியும் அதனைக் காணவில்லை. 2011இல் உண்மை புலனாயிற்று. 1990களில், மனிதப் புற்றுக்கட்டியை எலிகளின் உடலில் வைத்து வளர்த்தபோது, எலிகளின் இரு வைரசுக் கூறுகள் ஒன்றுசேர்ந்து உருவானதே அவ்வைரசு. நோயாளரின் உடலில் அஃது இருந்ததேயில்லை. ஆய்வுகூடத்து மாசாகவே அது மாதிரிகளிற் கலந்திருந்தது. 2012இல், முதலில் அறிவித்தவர்களே தம் பழைய மாதிரிகளை மீளச் சோதித்து இதனை ஒப்புக்கொண்டனர், அக்கட்டுரையும் மீளப்பெறப்பட்டது.

ஒரு கிருமி நோயுற்ற இடத்திற் காணப்படுவது வேறு; அந்நோயை அதுவே உண்டாக்கியது என்பது வேறு. இவ்வேறுபாட்டை நம் மலைநாட்டுச் சரித்திரமே கற்பிக்கின்றது. 1869இலே இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்டு என்னும் தாவரவியலார், இலையிற் பூஞ்சணம் இருக்கின்றதென்று கூறியதோடு அமையவில்லை. அதன் வித்திகளை நல்ல இலைகளில் இட்டு, அவை உட்புகுந்து நோய் விளைப்பதைக் காட்டினார். காரணம் நிரூபணமாயிற்று. கோப்பி அழிந்து தேயிலை வந்த கதை நீங்கள் அறிந்ததே.

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அத்தகைய நிரூபணம் எவ்வைரசுக்கும் இல்லை. பாப்பிலோமா வைரசு குறித்தும் ஆராய்ச்சிகள் நடைபெற்றுள்ளன. காரணம் அதுவென்று நிலைபெறவில்லை. முதுமையும், தந்தைக்கோ சகோதரனுக்கோ அந்நோய் இருந்தமையுமே நன்கறியப்பட்ட ஏதுக்கள். ஆகவே அந்நோயாளரோடு ஒரே பாத்திரத்தில் உண்ணலாம். பேரப்பிள்ளை அவர் மடியில் அமரலாம். ஒன்றும் தொற்றாது.

அஞ்சவேண்டியது தாமதத்துக்கே. இரவிலே பலமுறை எழுந்து சிறுநீர் கழிப்பதை நுவரெலியாக் குளிரின் மேலும், நீங்காத இடுப்புவலியைக் கவ்வாத்து வெட்டிய காலத்தின் மேலும் சுமத்திவிட்டு நம் பெரியவர்கள் வாளாவிருக்கின்றனர். சிறுநீர்த் தடை பெரும்பாலும் புற்றல்லாத வீக்கத்தால் வருவதே. ஆயினும் எது என்று கூறவேண்டியவர் வைத்தியர். தொடக்கத்தில் இந்நோய் எக்குறியும் காட்டாதிருக்கலாம். ஆதலின், குடும்பத்தில் இந்நோய் இருந்த ஆண்கள் ஐம்பது வயதுக்கு முன்னரே வைத்தியரைக் கலந்துகொள்ளல் நன்று. டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் அரசாங்க வைத்தியசாலைகள் உள, சிகிச்சை இலவசம்.

இனி, வைரசின் பங்கு நிரூபணமான இடத்தில் நம் கடமை என்ன? பாப்பிலோமா வைரசு பாலுறவின் வழியாகவே பெரிதும் பரவுகின்றது, கோப்பையாலன்று. தொற்றியவருட் பெரும்பாலோர் உடலிலிருந்து அது தானே நீங்கிவிடும். ஆண்டுக்கணக்காக நிலைத்துவிட்டாற்றான் ஆபத்து. 2017 முதல் நம் நாட்டுப் பாடசாலைகளில், ஆறாம் வகுப்பு மாணவியருக்கு அதற்கெதிரான தடுப்பூசி ஏற்றப்படுகின்றது. சம்மதப் பத்திரத்தை வீட்டுக்கு அனுப்பும்போது, சில பெற்றோர் அஞ்சித் திருப்பி அனுப்புவதை அதிபர் என்ற முறையில் நான் காண்கின்றேன். பிள்ளைக்கு நோய் இருப்பதாக அப்பத்திரம் கூறவில்லை. நோய் வருமுன் காக்கும் வழியையே காட்டுகின்றது.

தாய்மாரே, முப்பத்தைந்து வயதிலே சுகவனிதையர் சிகிச்சை நிலையத்துக்கு உங்களை அழைக்கும்போது, ஒரு நாட் பேர் போய்விடுமேயென்று மலைக்குச் சென்றுவிடாதீர்கள். அப்பரிசோதனை சில நிமிட வேலை. புற்றாக மாறுமுன்னரே மாற்றத்தைக் கண்டறிய வல்லது. உங்கள் மகளின் பத்திரத்திலும் கையொப்பமிட்டு அனுப்புங்கள். ஐயமிருப்பின் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பாடசாலைக்கு வந்து எங்களிடமும் கேளுங்கள்.