பறையொலி என் லேப்டாப்பில் இருக்கிறது, அடித்தவர் எங்கே?

 

கணினியில் இசை செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்த மென்பொருள் நல்லது, எந்த மைக் வாங்கலாம் என்று கேட்கத்தான் பாதிப் பேர் வந்திருப்பீர்கள். அதையெல்லாம் தேநீர் குடிக்கும்போது சொல்கிறேன். என் லேப்டாப்பில் ஒரு கோப்பு இருக்கிறது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அது என் பெரியப்பா அடித்த பறை.

எங்கள் தாத்தா பறையடித்தவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும், போய்த்தான் ஆகவேண்டும். கூலி பேச முடியாது. கொடுப்பதை வாங்கிக்கொண்டு வரவேண்டும். பெரியப்பாவும் அவர் வயதுப் பையன்களும் சேர்ந்து ஒருநாள் "இனிமே சாவுக்கு வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஓராண்டு அவர்களுக்கு அந்த ஊரில் வயல்வேலை கிடைக்கவில்லை. இந்தக் கதை உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும். என் அப்பா இன்னும் ஒருபடி மேலே போய், வீட்டுக்குள் பறையே வரக்கூடாது என்றார். அதனால் நான் முதன்முதலாகப் பறை அடித்தது கம்ப்யூட்டர் கீபோர்டில். கல்லூரி விடுதியில், யாரோ எங்கோ பதிவுசெய்து இணையத்தில் போட்டிருந்த பறையொலியைத் தட்டித் தட்டித் தாளம் செய்தேன். குச்சி பிடிக்க எனக்கு இன்றைக்கும் சரியாக வராது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணினி நமக்குப் பெரிய கதவைத் திறந்தது. முன்பெல்லாம் ஒரு பாட்டைப் பதிவுசெய்ய ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டவேண்டும். அதற்கும் முன்னால் அந்தக் கதவைத் திறந்துவிட ஒருவர் தெரிந்திருக்கவேண்டும். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. கானாவும் பறையும் ராப்பும் கிதாரும் ஒரே மேடையில் நின்றன. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, பழைய லேப்டாப்பைத் தூசு தட்டி உட்கார்ந்த பையன்களில் நானும் ஒருவன்.

அப்புறம்தான் சொந்தமாகப் பறையொலியைப் பதிவுசெய்யும் ஆசை வந்தது. பெரியப்பா முதலில் மறுத்தார். "நான் விட்டு முப்பது வருஷம் ஆச்சு, என்னை ஏன்டா மறுபடி இழுக்கிற?" என்றார். பெரியம்மாதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். பக்கத்து ஊரில் ஒரு பறையை இரவல் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினோம். பறைக்குச் சுருதி சேர்ப்பது நெருப்புதான். தோல் இறுகினால் ஒலி கணீரென்று வரும். ஆறினால் தொளதொளத்துவிடும், மறுபடி காய்ச்சவேண்டும். மைக்கை அருகில் வைத்தால் முதல் அடியிலேயே ஒலி உடைந்தது. பத்தடி தள்ளிவைத்த பிறகுதான் சரியாக வந்தது.

நான் தாளமாகப் பதிவுசெய்யவில்லை, தனித்தனி அடியாகப் பதிவுசெய்தேன். மெதுவாக ஓர் அடி, நடுத்தரமாக ஓர் அடி, ஓங்கி ஓர் அடி. ஒவ்வொன்றும் ஏழெட்டுத் தடவை. ஏன் அத்தனை தடவை? ஒரே அடியைக் கணினி திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல் கேட்கும். மனிதக் கை ஒருதடவை அடித்ததுபோல் இன்னொருதடவை அடிக்காது. அந்தச் சின்னச்சின்ன வித்தியாசங்களையும் சேர்த்து எடுத்துவைத்தால்தான் மென்பொருள் ஆள் அடிப்பதுபோல் நடிக்கும். அதாவது, நான் அன்றைக்கு எடுத்துக்கொண்டது வெறும் ஒலியை மட்டுமில்லை. பெரியப்பாவின் கை பழகிய விதத்தையே கோப்புகளாக நறுக்கி எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். ஒரு பாட்டுக்குக் குத்து வேண்டும் என்றார்கள். என்னிடம் இருக்கிறது என்று பெருமையாகக் கொடுத்தேன். அடுத்தநாள் கோப்பின் பெயர் 'எத்னிக் டிரம் 3' என்று மாறியிருந்தது. பாட்டு வந்தது, கல்யாண மண்டபங்களில் எல்லாம் ஓடியது. எனக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவுக்கு ஒரு வேட்டி சட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

வண்டி ஏறித் திரும்பும்போதுதான் உறைத்தது. சாவு வீட்டில் அரிசியும் பழைய வேட்டியும் கொடுத்து அனுப்பினார்களே, நான் செய்ததும் அதுதானே? புது வேட்டி என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. 1969இல் அமெரிக்காவில் 'த வின்ஸ்டன்ஸ்' என்ற குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்று ஓர் இசைத்துண்டு. நடுவில் மற்ற கருவிகள் எல்லாம் நின்றுவிட, கிரெகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் தனியாக டிரம் அடிக்கிறார். ஆறேழு விநாடிதான். 1980களில் சாம்ப்ளர் என்ற கருவி விலை குறைந்து இளைஞர்கள் கைக்கு வந்தது. ஒலியைத் துண்டாக வெட்டி எடுத்து, விரல் தட்டும்போதெல்லாம் ஒலிக்க வைக்கும் கருவி அது. அந்த ஆறேழு விநாடியை வெட்டி எடுத்து ஹிப் ஹாப் செய்தார்கள். பிரிட்டனில் அதை வேகமாக ஓட்டி, 'ஜங்கிள்' என்று ஓர் இசைவகையையே உண்டாக்கினார்கள். ஆயிரக்கணக்கான பாடல்களில் அந்த டிரம் இருக்கிறது. கோல்மன் 2006இல் வறுமையில் இறந்தார். ஒரு காசு வரவில்லை. 2015இல் இசைக்கலைஞர்களும் ரசிகர்களும் நிதி திரட்டி ஏறத்தாழ 24,000 பவுண்டை அந்தக் குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். அடித்தவர் செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அதை வெட்டி எடுத்தவர்களில் பலர் அதே கறுப்பினத்தின் ஏழைப் பிள்ளைகள். அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே வேலையைத்தான் செய்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுச் சட்டம். 2012இல் அதைத் திருத்தி, வணிகத்துக்குப் பயன்பட்டால் நிகழ்த்துகலைஞருக்கு ராயல்டி உண்டு என்று சேர்த்தார்கள். நிகழ்த்துகலைஞர் யார் என்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. இசைக்கலைஞர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, சொற்பொழிவாற்றுகிறவர்கூட உண்டு. இப்போது பேசிக்கொண்டிருக்கிற நானும் சட்டப்படி நிகழ்த்துகலைஞன்தான், ஏற்பாட்டாளர்கள் கவனிக்க. ஆனால் அதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானது, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் போடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துகலைஞராகவே கருதப்பட மாட்டார். யார் பெயரைப் போடும் வழக்கம் இந்தத் தொழிலில் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

2024இல் 'லால் சலாம்' படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி ஒரு பாட்டில் சேர்த்தார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரகுமான் சொன்னார். நல்ல முன்மாதிரிதான். ஆனால் குரலைக் கேட்டால் யாருடையது என்று ஊருக்கே தெரியும். அதனால் கேட்டாக வேண்டியிருக்கிறது. பறையடியைக் கேட்டு இது இன்னார் கை என்று யார் சொல்வார்கள்? எங்கள் ஊரில் ஒரு காலத்தில் சொல்வார்களாம். தூரத்தில் கேட்கும்போதே யார் அடிக்கிறார் என்று தெரியுமாம். 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது ஒரு பறைக்கலைஞரின் பெயர் நாடு முழுக்கக் கேட்டது. மற்றவர்கள் எல்லாம் இன்னமும் 'எத்னிக் டிரம்'தான்.

சரி, பெயரைப் போட்டுவிட்டால் முடிந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன். சென்ற ஆண்டு அந்த ஒலிகளை என் சொந்தத் தொகுப்பாக வெளியிட முடிவுசெய்து, ஒப்பந்தம் எழுதி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வருமானத்தில் பாதி அவருக்கு. எந்தப் பாட்டில் பயன்படுத்தினாலும் பெயர் போடவேண்டும். பெரியப்பா பணத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், சரி என்றார். பெயர் என்றதும் முகம் மாறிவிட்டது.

"பறையடிக்க மாட்டேன்னு சொல்லி இந்த ஊர்ல பேர் வாங்கினவன்டா நான். இப்ப பறையடிச்சவன்னு பேர் போடுறேங்கிற?"

எனக்குப் பதில் வரவில்லை. எனக்குப் பறை விடுதலையின் ஒலி. மேடையில், மெரினாவில், மே தினத்தில் கேட்டு வளர்ந்த ஒலி. அவருக்கு அது விட்டு வெளியேறிய அடிமை வேலை. இரண்டும் உண்மை. பெயர் போடவேண்டும் என்று நாம் கோரிக்கை வைக்கும்போது, அந்தப் பெயர் எந்த ஊரில், யார் வாயில் விழப்போகிறது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்த முடிவை எடுக்கவேண்டியவர் அவர்தான். பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பணத்துக்கு மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். தொகுப்பை இன்னும் வெளியிடவில்லை.

அந்த ஒப்பந்தத்தின் மாதிரியை நாற்பது பிரதி எடுத்துவந்திருக்கிறேன், வெளியே மேசையில் இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களைப் பதிவுசெய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், குறை இருந்தால் திருத்துங்கள். வழக்கறிஞர் தோழர்கள் இருந்தால் கட்டாயம் பார்த்துச் சொல்லவேண்டும்.

போன மாதம் பெரியப்பாவே போன் செய்தார். பேரன் ஹெட்போன் மாட்டிவிட்டு அந்த ஒலிகளைப் போட்டுக் காட்டியிருக்கிறான்.

"அந்த மெல்லிய குச்சி அடி ஒண்ணுகூட சரியா விழல. தோல் ஆறிப்போச்சு, நீ அவசரப்பட்ட. பேர் போடுறதா இருந்தா அதைத் திரும்ப எடுக்கணும்" என்றார்.

பொங்கலுக்குப் போகிறேன். வைக்கோலுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.