பரீட்சைக் காலப் பதகளிப்பும் பெற்றோரும்

 

க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரங்களே உள்ளன. உங்கள் மகளுக்குக் காலையில் வயிற்றைக் குமட்டுகிறது. நடுநிசியில் விழித்தெழுந்து உட்காருகிறாள். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, படித்தது எதுவுமே நினைவில் இல்லை என்கிறாள். அவ்வேளையில் நீங்கள் அவளுக்கு என்ன சொல்கிறீர்கள்?

"தொழுகிறாய், ஓதுகிறாய், பிறகு என்ன பயம்? உனக்கு ஈமான் போதாது" என்று சொல்பவர்கள் நம்மில் அநேகர். நல்லெண்ணத்துடனேயே அவ்வாறு சொல்லப்படுகிறது. ஆயினும், அந்த வார்த்தைக்குப் பின்னர் அப்பிள்ளை இரண்டு சுமைகளைச் சுமக்கத் தொடங்குகிறது. பரீட்சைப் பயம் ஒன்று. அல்லாஹ்விடம் தான் குறைந்துபோய்விட்டேனோ என்ற பயம் மற்றொன்று.

பதகளிப்பு என்று உளவளத்துறையினர் குறிப்பிடும் இந்நிலை, ஆபத்தின்போது தப்பி ஓடவோ எதிர்த்து நிற்கவோ நமது உடலில் அமைக்கப்பட்டுள்ள ஓர் ஏற்பாடாகும். மூளை அபாயத்தை உணர்ந்ததும் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, குருதி தசைகளை நோக்கிப் பாய்கிறது, சமிபாடு மந்தமடைகிறது. பாதையில் பாம்பைக் கண்டவனுக்கு இது பேருதவி. வினாத்தாளைக் கண்டு யாரும் ஓட முடியாதே! ஓடாத உடலில் அந்த ஆயத்தம் நாட்கணக்கில் நீடிக்கும்போது உறக்கம் கெடுகிறது, கவனம் சிதறுகிறது, படிப்பது மனதில் தங்க மறுக்கிறது. "மறந்துவிட்டது" என்று பிள்ளை சொல்வதைச் சோம்பல் என எடுத்த எடுப்பிலேயே தீர்மானிப்பது அநீதியாகும்.

ஹிறாக் குகையில் முதல் வஹீ இறங்கிய அந்நாளைச் சிந்தித்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் நடுங்கியவர்களாக இல்லம் திரும்பி, தம்மைப் போர்த்திவிடுமாறு வேண்டினார்கள். கதீஜா நாயகி (ரழி) அவர்கள் முதலில் செய்தது போர்த்திவிட்டதுதான். விசாரணை இல்லை, உபதேசமும் இல்லை. நடுக்கம் தணிந்து, நடந்ததை அவர்கள் எடுத்துரைத்து, தமக்கு என்ன நேருமோ என்று அஞ்சுவதாகச் சொன்ன பின்னரே நாயகியவர்கள் பேசினார்கள். உறவைப் பேணுவதையும், பிறர் சுமையைத் தாங்குவதையும், விருந்தினரை உபசரிப்பதையும் எடுத்துச் சொல்லி, இத்தகையவரை அல்லாஹ் கைவிடமாட்டான் என்று ஆறுதல் கூறினார்கள். அத்துடன் நின்றுவிடாமல், வேதங்களை அறிந்த வறகா இப்னு நவ்பலிடம் அழைத்தும் சென்றார்கள். ஸஹீஹுல் புகாரியின் தொடக்கத்திலேயே பதிவாகியுள்ள இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் அரவணைப்பு, அடுத்து செவிமடுத்தல், பிறகு அவரிடமுள்ள நல்லவற்றை நினைவூட்டல், இறுதியில் அறிந்தவரிடம் அழைத்துச் செல்லல். நாமோ பெரும்பாலும் உபதேசத்தில் ஆரம்பித்து உபதேசத்திலேயே முடித்துவிடுகிறோம்.

ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மரணமான அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, "மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்" என்ற நூலில் உடலின் நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார். அச்சத்திற்கும் கவலைக்கும் அதில் இடமளித்தார். அவசரத்துக்கென வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போல, மனம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே ஆறுதலான எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவரது கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் இதனைச் சிகிச்சைக்குரிய விடயமாகக் கண்டிருக்க, நாம் இன்னும் வெட்கப்பட்டு மறைக்கிறோம்.

இளைஞர்களே! படபடப்பு ஏறும்போது மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதைவிட நீண்ட நேரம் எடுத்து வெளிவிடுங்கள். நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. ஐந்து நிமிடம் போதும். மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத் துடிப்பு தானாகத் தணியும். இஷாவுக்குப் பிறகு பிளேன்டீயைக் குறைத்துக்கொள்ளுங்கள்; விடிய விடியக் கண்விழிப்பதை விட, உறங்கி எழுந்து ஸுபஹுக்குப் பின் படிப்பது மேல், ஏனெனில் படித்ததை மூளை பதித்துக்கொள்வதற்கு உறக்கம் அவசியம். பயமாக இருக்கிறதென்று மாதிரிப் பரீட்சையைத் தவிர்க்காதீர்கள். தவிர்க்கும் கணத்தில் நிம்மதிதான். ஆனால் அடுத்த முறை பயம் இரு மடங்காக வந்து நிற்கும்.

பெற்றோர்களே! சாச்சாவின் மகன் மருத்துவ பீடத்துக்குத் தெரிவானதை இந்நாட்களில் வீட்டில் பேசாதிருங்கள். இசட் புள்ளியைப் பற்றிய கணக்கு பெறுபேறு வந்த பின்னர் பார்க்க வேண்டியது.

சிலர் உடனே ஓதிப் பார்ப்பவரைத் தேடிச் செல்கின்றனர். துஆவும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. கவலையிலிருந்து பாதுகாப்புத் தேடும் துஆவை நபியவர்களே வழக்கமாக ஓதி வந்தார்கள். நோய்க்கு மருந்து செய்யும்படியும் அவர்களே பணித்தார்கள். ஆனால், பிள்ளைக்கு ஏதோ "பிடித்திருக்கிறது" என்று கூறி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர், இருக்கும் பயத்துடன் இன்னொரு பயத்தையும் சேர்த்தே அனுப்புகிறார்.

உறக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், பாடசாலைக்குச் செல்ல மறுத்தால், வாழ்வதில் பயனில்லை என்ற ஒரு சொல்லேனும் பிள்ளையின் வாயிலிருந்து வந்தால் தாமதியாதீர்கள். அரசாங்கப் பொது வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் ஆலோசனை பெறலாம். கிளினிக்குக்கு உம்மாவை மட்டும் பிள்ளையோடு அனுப்பிவிடாமல், வாப்பாவும் அன்று கடையை மூடிவிட்டுக் கூடவே செல்லட்டும்.