டாக்ஸியின் வரவும் செலவும்

ஊரிலிருந்து தம்பியை வரவழைத்து, கடனில் கார் வாங்கி எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓட்டச் செய்யலாம் என்று நம்மவர் பலர் எண்ணுகிறோம். கணக்கைச் சற்றுப் பார்ப்போம்.

2024 ஜனவரியில் கர்நாடக அரசு விதித்த கட்டணம், பத்து லட்ச ரூபாய்க்கு உட்பட்ட காருக்கு முதல் 4 கிலோமீட்டருக்கு 100 ரூபாய். அப்பால் கிலோமீட்டருக்கு 24 ரூபாய். தேவனஹள்ளி விமான நிலையத்திற்கு 54 கிலோமீட்டர் எனக் கொண்டால் வரவு 1,300 ரூபாய். நல்ல வரும்படிதான்! ஆனால் திரும்புகையில் சவாரி கிட்டாவிடில், 108 கிலோமீட்டர் ஓடியதற்கும் அதே தொகை. கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாயே தேறும். எரிபொருளும், திரும்பும் வழிச் சுங்கமும், கமிஷனும், டயர்த் தேய்மானமும் இதற்குள் அடங்கவேண்டும். தவணைக்காரர் வெறும் ஓட்டத்திற்குத் தள்ளுபடி தருவதில்லை. சவாரிக்காக நிலையத்திலேயே காத்திருக்கலாம். அந்த மணிகளுக்குக் கூலி இல்லை.