காதங்கியின் செவி



சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியில் காதங்கி என்னும் சிற்றூரை நாம் அறிவோம். அங்குள்ள எம்.எஸ்.டி. ரேடாரின் 1024 யாகி ஏரியல்கள் 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானில் ஏவி, வெறுங்காற்று திருப்பியனுப்பும் எதிரலையைப் பற்றுகின்றன. இரைச்சலினும் மெலிந்த அவ்வலையை, அலைவரிசை வாயிலைக் குறுக்கியே பிரித்தெடுக்கின்றனர்.

அமெச்சூர் வானொலி பயிலும் நம் இளைஞர்க்கும் இதுவே வழி. பேச்சுக்கு 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸ் ஒலிக்கு 250 போதும். வாயில் பத்திலொன்றானால் நுழையும் இரைச்சலும் பத்திலொன்றே. மோர்ஸ் ஒலியோ குறைவதில்லை. பேராசையால் மேலும் குறுக்கினால், வடிகட்டியே மணிபோல் ரீங்கரிக்கும். புள்ளியும் கோடும் ஒட்டிக்கொள்ளும்!

2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் தத்தளித்ததை நாம் மறந்தோமில்லை. அத்தகைய நாளில் மெலிந்த அழைப்பொன்று வருமாயின், வாயிலை முதலில் விரித்துத் தேடுக. ஒலி அகப்பட்டபின் குறுக்குக.