நிலையத்துக் காவலுக்கு நாம் சந்தா போடணுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குழுக் குடும்பங்களில் இருந்து பெருங்குடிப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் நிறைய பேர். கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை, கேண்டீன் வேலை, வீட்டு வேலை. செங்கல்பட்டு ரயிலில் வந்து பூங்கா நிலையத்தில் இறங்கி, பூங்கா நகருக்கு நடந்து, வேளச்சேரி ரயில் பிடித்துப் பெருங்குடியில் இறங்குகிறார்கள். வேலை முடிந்து திரும்ப ராத்திரி எட்டு, ஒன்பது ஆகிறது.

பறக்கும் ரயில் நிலையங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உயரமான பெரிய கட்டடம், நீளமான படிக்கட்டு. கூட்டம் கலைந்துவிட்டால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். பெருங்குடியில் பக்கத்திலேயே சதுப்பு நிலம். "வேலையை விட்டுடவா அக்கா?" என்று கேட்கிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்தச் சம்பளம் நின்றால் வீட்டில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

இதற்காகப் போன கூட்டத்தில் சில குழுக்கள் ஒரு யோசனை சொன்னாங்க. ஆளுக்கு மாதம் 10 ரூபாய் போட்டு, நாமே நிலையத்தில் ஒரு செக்யூரிட்டி வைத்துவிடலாம் என்று. நல்ல மனசோடு சொன்ன யோசனைதான். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதற்கு முன்னால் கணக்குப் பார்ப்பது நம் வழக்கம். பார்ப்போம்.

ஓரிடத்தில் இரவும் பகலும் ஆள் நிற்க மூன்று ஷிப்ட். வார லீவுக்கு மாற்று ஆள் ஒருவர். ஆக நாலு பேர். ஆளுக்கு 15,000 என்று வைத்தாலும் மாதம் 60,000. 10 ரூபாய் வீதம் 6,000 பேர் கொடுக்கணும். ராத்திரி ஷிப்ட் மட்டும் என்றாலும், மாற்று ஆளோடு சேர்த்து மாதம் 17,000. வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். எத்தனை பேருக்கு ஆட்டுக்குட்டி வாங்கக் கடன் கொடுக்கலாம்!

பணம் சேர்ந்தாலும் ரயில்வே அனுமதி இல்லாமல் அங்கே ஆள் நிறுத்த முடியாது. அனுமதி கிடைத்தாலும் தனியார் காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது.

சரி, காவலுக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் யார்? ரயில்வே பாதுகாப்புப் படையின் செலவு மத்திய அரசுடையது. கேஸ் பதிவு செய்யும் ரயில்வே போலீஸ் மாநில அரசின் கீழ் இருக்கிறது. அதன் செலவில் ரயில்வே பாதி, மாநிலம் பாதி. திருமயிலையில் இருந்து வேளச்சேரி வரை பாதை போட்ட செலவிலும் மூன்றில் இரண்டு பங்கு தமிழக அரசு கொடுத்தது. அப்படித்தான் 2007 நவம்பரில் பெருங்குடிக்கு ரயில் வந்தது. எல்லாம் நம் வரி, நம் டிக்கெட். காவலுக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டியாச்சு சகோதரிகளே. இன்னொரு தடவை எதுக்குக் கட்டணும்?

சட்டமும் நம் பக்கம்தான். 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம், பிரிவு 124ஏ. செல்லுபடியான டிக்கெட் வைத்திருக்கும் பயணி, ரயிலிலோ நிலைய எல்லைக்குள்ளோ வன்முறைத் தாக்குதலிலோ கொள்ளையிலோ காயம் பட்டால், உயிர் போனால், ரயில்வே நஷ்ட ஈடு தரவேண்டும். அதிகபட்சம் 8 லட்சம். ஒரு வருஷத்துக்குள் ரயில்வே தீர்ப்பாயத்தில் மனு போடணும். அதனால் டிக்கெட்டை, சீசன் பாஸை பத்திரமாக வைத்திருங்க.

ஆனால் நஷ்ட ஈடு உயிரைத் திருப்பித் தராது. 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் நிலையத்தில், வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அந்த நிலையத்தில் அன்றைக்கு ஒரு கேமரா கிடையாது. ரயில்வே போலீசிடம் இருந்த வழக்கு சென்னை மாநகரப் போலீசுக்கு மாறியது. உயர் நீதிமன்றமே கேள்வி கேட்டது. நிலையங்களில் கேமரா வைக்க நிர்பயா நிதியில் இருந்து பணமும் ஒதுக்கப்பட்டது. கேமரா நல்லதுதான், நடந்ததைக் காட்டும். நடக்கிறதைத் தடுக்க ஆள் வேண்டும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது இதுதான்.

ஒன்று, குறித்து வையுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் படிக்கட்டில் விளக்கு எரியவில்லை, எங்கே காவலர் இல்லை. "பயமா இருக்கு" என்று மட்டும் எழுதினால் மனு அப்படியே கிடக்கும். இடமும் நேரமும் எழுதினால் பதில் சொல்லியாகணும்.

இரண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். பெருங்குடிக்கு எத்தனை காவலர் ஒதுக்கீடு, இரவு எட்டு மணிக்கு மேல் எத்தனை பேர் பணியில்? 30 நாளில் பதில் தரணும். தெற்கு ரயில்வே சென்னைக் கோட்டத்துக்கு ஒரு மனு, ரயில்வே போலீசுக்கு ஒரு மனு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

மூன்று, வெளியே தெருவிளக்குக்கு மாநகராட்சியைக் கேளுங்கள்; எண் 1913. எம்.பி. தொகுதி நிதியில் சம்பளம் தர முடியாது. நிலைத்து நிற்கும் பொதுச் சொத்துக்குத்தான் அந்த நிதி.

நான்கு, ரயில்வே உதவி எண் 139. பழைய 182 இதோடு சேர்ந்துவிட்டது. அவசரத்துக்கு 112. எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கும் இதை மனப்பாடம் பண்ண வையுங்கள்.

பதில் வருகிற வரைக்கும் ஒரே ரயிலுக்குப் போகிறவர்கள் பேசிவைத்து, சேர்ந்தே படியேறுங்கள்.

அந்த 10 ரூபாய் நம் சேமிப்பிலேயே இருக்கட்டும். மனுவில் ஒவ்வொரு குழுவில் இருந்தும் எல்லா உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டு, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பொருள்: பெருங்குடி நிலையத்தில் கடைசி ரயில் போகும் வரை காவலர். இதைத் தீர்மானமாக எழுதிக்கொள்வோம்.