முதல் அரைநாள் வீணா?

நடுவர் அவர்களே, அவையோரே, ஏஐயை வைத்து வெப் ஆப் கட்டுமுன் முதல் அரைநாள் உட்கார்ந்து செய்கிற முன்னேற்பாடு அவசியமா, அநாவசியமா? அவசியமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணிச் சகோதரி, "கோடு முழுவதையும் ஏஐயே எழுதும்போது, அதற்கு நான் ஏன் விதி எழுதிக்கொண்டு உட்கார வேண்டும்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். ஆந்த்ரே கர்பாதியைத் துணைக்கு வேறு அழைத்தார். கோடைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஏஐயிடமே விட்டுவிடுவதற்கு 2025 பிப்ரவரியில் 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தவர் அவர்தான், மறுக்கவில்லை. வார இறுதியில் செய்து தூக்கிப்போடுகிற வேலைக்கு இது பரவாயில்லை என்றும் அதே பதிவில் அவர் எழுதியிருக்கிறாரே, சகோதரி கண்ணில் அது மட்டும் படவில்லையா?

இந்த ஏஐ, தினமும் காலையில் புதிதாக வேலைக்குச் சேருகிற கெட்டிக்கார ஆள். நேற்று பேசியது இன்று நினைவில் இராது. அதனால்தான் ஏஜென்ட்ஸ்.எம்டி என்றும் கிளாட்.எம்டி என்றும் அது வேலை தொடங்கும்போது படித்துக்கொள்ள விதிக் கோப்பு ஒன்றை எழுதி வைக்கிறோம். உதாரணத்துக்கு, வெப் ஆப் கட்ட உதவும் நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில் ஆப் ரவுட்டர் 2022-லேயே வந்துவிட்டது. ஆனால் மாடல் படித்ததில் பழைய பேஜஸ் ரவுட்டர் கோடு மலையாய்க் கிடக்கிறது. சும்மா விட்டால் ஆப் ஃபோல்டருக்குள்ளேயே 'கெட்சர்வர்சைட்ப்ராப்ஸ்' எழுதி வைக்கும். அங்கே அது செல்லாது. "ஆப் ரவுட்டர் மட்டும். பழைய மைக்ரேஷன் கோப்பில் கை வைக்காதே. வேலை முடிந்ததும் டைப்செக், டெஸ்ட் இரண்டையும் ஓட்டு." இவ்வளவுதான் கோப்பு! அந்தக் கடைசி வரி இருந்தால் தன் தப்பைத் தானே பார்த்துத் திருத்தும். இல்லையா, "முடித்துவிட்டேன்" என்று சத்தியம் செய்யும். நாம் பிரவுசரைத் திறந்தால் வெள்ளைத் திரை.

நாற்பது பக்கத்துக்கு விதி எழுதுகிறவர்களும் எங்கள் அணியில் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட மாட்டேன்.

2025 ஜூலையில், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஐ ஏஜென்ட் ஒருவருடைய நிஜ டேட்டாபேஸை அழித்துவிட்டது. "பார்த்தீர்களா, சொன்னாலும் கேட்காது, விதி எதற்கு?" என்று எதிரணி குதிக்கும். குதிக்கட்டும். அதற்குப் பிறகு நிறுவனத் தலைவர் அம்ஜத் மசாத் என்ன அறிவித்தார்? டெவலப்மென்ட் டேட்டாபேஸ் வேறு, புரொடக்‌ஷன் வேறு என்று தானாகவே பிரித்துவிடும் வசதியை! இதற்குப் பெயர் முன்னேற்பாடு இல்லாமல் வேறென்ன ஐயா? வாய்ச்சொல்லை அது மீறலாம். கொடுக்காத புரொடக்‌ஷன் பாஸ்வேர்டை வைத்து எதை அழிக்கும்?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே கேள்வி. கிட்டில் ஒரு கமிட்கூடப் போடாத ப்ராஜெக்ட்டில் இருபது கோப்புகளை ஏஐ ஒரே மூச்சில் மாற்றி, ஆப் படுத்துவிட்டால், எங்கே திரும்பிப் போவீர்கள்? அவரிடம் பதில் இல்லையென்றால், நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்கே தாருங்கள்.